கரண்ட் வந்தால் கொதிக்கும் லேப்டாப்: யாங்கோனில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

யாங்கோன் நகரின் நடுவே, அனவ்ரதா சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் எங்கள் பழுதுபார்க்கும் கடை இருக்கிறது. லேப்டாப், பிரிண்டர், எப்போதாவது ஒரு இன்வெர்ட்டர் என்று வேலை வரும். 2024 ஏப்ரல் கடைசியில் எங்களிடம் வந்து, ஒரு வருடம் வரை நான் அளந்து பார்த்துக்கொண்டிருந்த கேமிங் லேப்டாப் ஒன்றைப் பற்றி இங்கே எழுதுகிறேன். வைத்திருப்பவர் இருபத்திரண்டு வயதுத் தம்பி. அவரும் அவர் அப்பாவும் எழுதிக்கொள்ளச் சொன்னார்கள். பெயரும் தெருவும் தேவையில்லை. நடுவில் நான் செய்த தவறு ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் முக்கியமாக எழுதுகிறேன்.

தம்பிக்குத் தொழில் வீடியோ எடிட்டிங். நம்மவர் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து, கோயில் தேர் என்று வேலை வரும். வேலை முடிந்த இரவுகளில் கூட்டாளிகளோடு டோட்டா 2 என்ற கேம். லேப்டாப் 2020-ஆம் வருட மாடல். 2022-இல் இரண்டாம் கையாக வாங்கியது. ஆறு கோர் உள்ள இன்டெல் ஐ7-10750எச் பிராசசர், ஜிடிஎக்ஸ் 1660 டிஐ கிராஃபிக்ஸ், செங்கல் கனத்தில் ஒரு சார்ஜர்.

வீடு மூன்றாவது மாடி. முன்பக்கம் சன்னல், பின்பக்கம் அடுப்படி, நடுவில் வெளிச்சம் குறைந்த நீள அறை. அந்த நடு அறையில் மெத்தை மேல் லேப்டாப். கரண்ட் முறை வைத்துத்தான் வரும். வந்ததும் ரைஸ் குக்கர், தண்ணீர் மோட்டார், இஸ்திரிப் பெட்டி எல்லாம் ஒன்றாக ஓடும். தம்பியும் அதே நேரத்தில்தான் வீடியோவை ரெண்டர் போடுவார், அதாவது எடிட் செய்ததை முழு வீடியோவாக ஆக்குவார், கேமும் விளையாடுவார். கரண்ட் போனால் விளக்குக்கும் ஃபேனுக்கும் மட்டும் இன்வெர்ட்டர். லேப்டாப் தன் பேட்டரியில் ஓட வேண்டியதுதான்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கேமிங் லேப்டாப் பேட்டரியில் ஓடும்போது பிராசசரும் கிராஃபிக்ஸும் தாமாகவே மின்சாரத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனால் சூடும் குறையும். சார்ஜர் செருகியிருக்கும்போதுதான் முழு வேகம், முழுச் சூடு. ஆக, அந்த வீட்டில் கரண்ட் வரும்போதெல்லாம் லேப்டாப் கொதித்தது, போனால் ஆறியது. தம்பியின் அப்பா இதைக் கவனித்து, வோல்டேஜ் சரியில்லை என்று முடிவு கட்டி, ஒரு ஸ்டெபிலைசரும் வாங்கி வைத்துவிட்டார். வோல்டேஜ் இறங்கினால் சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றுவதைத் தினமும் பார்க்கிறவருக்கு, லேப்டாப் ஃபேனும் அப்படித்தான் என்று தோன்றாமல் இருக்குமா? ஆனால் லேப்டாப் சார்ஜர் 100 முதல் 240 வோல்ட் வரை எது வந்தாலும் ஏற்றுக்கொண்டு உள்ளே ஒரே அளவில்தான் கொடுக்கும். சுவரில் வோல்டேஜ் 180-க்கு இறங்கினாலும் உள்ளே இருக்கும் ஃபேன் வேகம் குறையாது.

டிசம்பரில் நடந்தது

எங்களிடம் வருவதற்கு முன், 2023 டிசம்பரில், வேறொரு கடையில் பேஸ்ட் மாற்றியிருக்கிறார்கள். சில்லுக்கும், அதன் சூட்டை இழுக்கும் ஹீட் சிங்க் என்ற செம்புத் தகட்டுக்கும் நடுவே பூசுவது அது. அப்போது சரியாகிவிட்டது என்றே தம்பி நம்பினார். போனில் ஒரு படமும் வைத்திருந்தார்: கேம் ஓடும்போது பிராசசர் 84 டிகிரி, கிராஃபிக்ஸ் 73. பிப்ரவரி வரை தொந்தரவு இல்லை. மார்ச்சில் ஃபேன் சத்தம் கூடியது. ஏப்ரலில், திங்யான் என்ற பர்மியப் புத்தாண்டு விடுமுறையில் கேம் நடுவே படம் திக்கித் திக்கி ஓட ஆரம்பித்தது. அதற்கடுத்த வாரம் லேப்டாப் தானாக அணையத் தொடங்கியது, ஒரு நாளைக்கு இரண்டு தடவைகூட.

அந்த ஏப்ரல் எப்படிப்பட்டது என்று இங்கே இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 28-ஆம் தேதி மக்வே பகுதியில் உள்ள சௌக் நகரில் 48.2 டிகிரி பதிவானது. யாங்கோனிலும் 40-ஐத் தொட்டது. மறுநாள்தான் அப்பாவும் மகனும் கடை ஏறினார்கள்.

கடையில் கண்டவை

“பேஸ்ட் காஞ்சுபோச்சு தம்பி, புதுசா ஒரு பேஸ்ட் போட்டுக் குடுத்திடுங்க” என்றார் அப்பா. பாதிப் பேர் இப்படித்தான் நோயும் மருந்தும் தாங்களே சொல்லிக்கொண்டு வருகிறார்கள். திறக்காமல் முதலில் ஓடவிட்டுப் பார்ப்போம் என்றேன்.

கடைக்குள் அப்போது 35 டிகிரி. மேசை மேல் வைத்து, சூட்டையும் வேகத்தையும் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைத் திறந்துவிட்டு, தம்பியையே இருபது நிமிடம் விளையாடச் சொன்னேன். பிராசசர் ஐந்தே நிமிடத்தில் 97-ஐத் தாண்டி 100-இல் போய் நின்றது. இந்த ரகத்துக்கு 100 டிகிரிதான் எல்லை. அதைத் தொட்டதும் தன் வேகத்தைத் தானே வெட்டிக்கொள்ளும். வேகம் 1.9-க்கும் 2.2-க்கும் நடுவே ஆடிக்கொண்டிருந்தது. அதன் அடிப்படை வேகமே 2.6 கிகாஹெர்ட்ஸ். கிராஃபிக்ஸ் 86 டிகிரி. அதன் மிகச் சூடான புள்ளி, அதாவது ஹாட்ஸ்பாட், 101. மின்சாரம் 80 வாட் இழுக்க வேண்டியது 60-ஐத் தாண்டவில்லை.

பிராசசர் 100-இல் முட்டி நிற்கும்போது, சூட்டை மட்டும் பார்த்தால் நோய் எவ்வளவு முற்றியது என்று தெரியாது. கொஞ்சம் அடைப்பு இருந்தாலும் 100, முழுக்க அடைத்திருந்தாலும் 100. அங்கே வேகத்தைத்தான் பார்க்க வேண்டும். கிராஃபிக்ஸில் பார்க்க வேண்டியது சராசரிக்கும் ஹாட்ஸ்பாட்டுக்கும் உள்ள இடைவெளி. ஹீட் சிங்க் ஒழுங்காக உட்கார்ந்திருந்தால் அது பத்து, பன்னிரண்டு டிகிரிக்குள் இருப்பதைத்தான் நான் வழக்கமாகப் பார்த்திருக்கிறேன். இங்கே 15.

சரி, சூடு இருக்கிறது. ஆனால் அணைவது எதனால்? அந்த இருபது நிமிடமும் 100-இல் நின்றும் லேப்டாப் அணையவில்லை. இது எனக்கு உறுத்தியது. விண்டோஸ் பதிவில் கெர்னல்-பவர் 41 என்று வரிசையாக இருந்தது. அது ‘முறையாக மூடாமல் அணைந்தது’ என்று மட்டும்தான் சொல்லும். ஏன் என்று சொல்லாது. அணைந்த நேரங்களைத் தாளில் எழுதித் தம்பியிடம் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “அண்ணே, இது எல்லாம் எங்க தெருவுல கரண்ட் போற நேரம்” என்றார்.

அங்கேதான் முடிச்சு அவிழ்ந்தது. பேட்டரி அறிக்கை எடுத்தால், புதிதில் இருந்த கொள்ளளவில் பாதிகூட இல்லை. கேம் முழு வேகத்தில் ஓடும்போது கரண்ட் போனால், அந்தச் சுமை முழுவதும் ஒரு கணத்தில் பேட்டரி மேல் விழும். பலமிழந்த பேட்டரி தாங்காமல் விழுந்துவிடும். விரலால் தடவிப் பார்த்தால் டச்பேட் ஒரு பக்கம் லேசாக மேடு தட்டியிருந்தது. பேட்டரி உப்பியிருந்தது. இரண்டு வருடமாகக் கொதிக்கும் பெட்டிக்குள் இருந்த பேட்டரிக்கு இது ஆச்சரியமில்லை.

திறந்த பிறகு

உப்பிய பேட்டரி உள்ள பெட்டியில் முதல் வேலை அதன் இணைப்பைக் கழற்றுவதுதான். நெம்பக் கூடாது, அமுக்கக் கூடாது, எந்தக் கூர்மையான சாமானும் பக்கத்தில் வரக் கூடாது. ஒட்டியிருந்த பட்டையை மெதுவாக இழுத்து எடுத்து, மணல் போட்ட பழைய பிஸ்கட் டின்னில் வைத்து வெளியே கொண்டுபோய் வைத்தோம். ஒத்துப்போகும் புதிய பேட்டரி நகருக்குள்ளேயே கிடைத்தது.

அடுத்து ஃபேன்கள். மேலே பார்த்தால் சுத்தமாகவே தெரிந்தது. டிசம்பரில் தூசி ஊதியிருக்கிறார்கள். ஆனால் ஃபேனைக் கழற்றி அதற்குப் பின்னால் உள்ள செம்புத் தகடுகளைப் பார்த்தால், கம்பளித் துண்டு ஒன்றை அளவெடுத்து வெட்டி வைத்தது போல ஒரு சாம்பல் நிறப் படலம். இடுக்கியால் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன், முழுசாக ஒரே துண்டாக வந்தது. எங்கள் கடையில் வேலை பார்க்கும் பர்மியப் பையன் அதை உள்ளங்கையில் வைத்து மோந்து பார்த்துவிட்டுச் சிரித்தான். சாம்பிராணி வாசனை. செவ்வாய் வெள்ளி தவறாமல் வீட்டில் புகை போடுவார்களாம். சாம்பிராணி பிசின்தானே, அந்தப் புகை போகிற இடமெல்லாம் மெல்லிய பசை போல ஒட்டும். அடுப்படித் தாளிப்புப் புகையும் சேர்ந்துகொள்ளும். மெத்தைப் பஞ்சு அதில் வந்து ஒட்டினால் காற்றடித்து ஊதினாலும் போகாது. தூரிகையில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் தகடு தகடாகத் தேய்த்தோம். காற்றடிக்கும்போது ஃபேன் இதழை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும்; சும்மா சுழல விட்டால் பேரிங் கெட்டுப்போகும்.

ஹீட் சிங்கைத் தூக்குவதில்தான் நேரம் போனது. எண் போட்ட ஏழு திருகுகளில் ஒன்றின் தலை முழுக்கத் தேய்ந்து வட்டமாகிவிட்டது. யாரோ பொருந்தாத திருப்புளியால் போராடியிருக்கிறார்கள். ரப்பர் பேண்டை நடுவில் வைத்து அழுத்தித் திருப்பினேன், வரவில்லை. கடைசியில் தலையில் சிறிய அரத்தால் ஒரு கோடு கிழித்து, தட்டைத் திருப்புளியால் எடுத்தோம். அரம் போடும்போது உலோகத் தூள் பலகையில் விழாமல் சுற்றிலும் டேப் ஒட்டியிருந்தோம். ஒரு திருகுக்கு முக்கால் மணி நேரம்.

உள்ளே பேஸ்ட் காய்ந்திருக்கவில்லை. அப்பா சொன்னது அங்கே தப்பானது. பிராசசர் சில்லின் நடுவில் பேஸ்ட்டே இல்லை, கண்ணாடி போல மின்னியது. நான்கு ஓரங்களிலும் வழிந்து, பக்கத்துச் சின்னச் சின்ன உறுப்புகளின் மேல், பர்மியர்கள் கன்னத்தில் அப்பிக்கொள்ளும் தனகாப் பூச்சு போலத் திட்டாகக் கிடந்தது. இதைப் பேஸ்ட் வெளியேறுதல் என்போம். சில்லு சிலிக்கான், மேலே உட்காரும் தகடு செம்பு. சூடேறும்போது செம்பு சிலிக்கானைவிட ஆறு மடங்குக்கு மேல் விரியும், ஆறும்போது சுருங்கும். ஒவ்வொரு தடவையும் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று இம்மியளவு நகரும். பேஸ்ட் இளக்கமாக இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்குத் தள்ளப்பட்டுவிடும். டெஸ்க்டாப் பிராசசருக்கு மேலே ஒரு உலோக மூடி இருக்கும். லேப்டாப்பில் சில்லு வெறுமையாக இருப்பதால் இது சீக்கிரம் நடக்கும். முறை வைத்துக் கரண்ட் வரும் ஊரில், ஒரே நாளில் பல தடவை கொதித்து ஆறும் லேப்டாப்பில், இன்னும் சீக்கிரம் நடக்கும் என்பது என் எண்ணம்.

பேஸ்ட்டின் வேலை இரண்டு பரப்புக்கும் நடுவில் இருக்கும் காற்றை வெளியேற்றுவது மட்டுமே. வெப்பத்தைக் கடத்துவதில் காற்றின் எண் 0.026, செம்பு ஏறக்குறைய 400, பேஸ்ட் பெரும்பாலும் ஒற்றை இலக்கம். செம்போடு ஒப்பிட்டால் பேஸ்ட்டும் ஒரு தடைதான். அதனால் அது மெல்லியதாக இருக்க வேண்டும், அதே சமயம் இருக்கவும் வேண்டும்.

கிராஃபிக்ஸ் நினைவகச் சில்லுகள் மேல், அவற்றின் சூட்டை ஹீட் சிங்குக்குக் கடத்த ஒட்டியிருந்த மெத்தென்ற தெர்மல் பேட்களில் நான்கு கிழிந்திருந்தன, ஒன்று காணவே இல்லை.

முதல் முடிவும் என் தவறும்

எதைப் பூசுவது என்பதில் மூன்று வழி இருந்தது. தம்பி லிக்விட் மெட்டல், அதாவது திரவ உலோகம் கேட்டார், வீடியோக்களில் பார்த்திருக்கிறார். மறுத்துவிட்டேன். அது மின்சாரத்தைக் கடத்தும், அலுமினியத்தைத் தின்னும், தோளில் மாட்டிக்கொண்டு மண்டபம் மண்டபமாக அலையும் லேப்டாப்பில் ஒரு துளி நகர்ந்தாலும் பலகையே போகும். இரண்டாவது, சூட்டில் இளகும் தகடு, ஹனிவெல் பிடிஎம்7950 போன்றது. அது என் கையிருப்பில் இல்லை. மூன்றாவது, கெட்டியான பேஸ்ட். அது இருந்தது, அதையே போட்டேன்.

பேட்கள்தான் சிக்கல். கையில் இருந்தவை எல்லாம் 1 மில்லிமீட்டர். கிழிந்த பழைய பேட்டை விரலால் தொட்டு, ‘ஏறக்குறைய இதுதான்’ என்று மதிப்பிட்டு வெட்டி ஒட்டினேன். அளக்கவில்லை. வேறெதையும்விட இந்த ஒரு நிமிடத்தைத்தான் பின்னால் அதிகம் நினைத்துக்கொண்டேன்.

இரவு எட்டு மணிக்கு மூடியாயிற்று. பிராசசருக்கு முழுச் சுமை கொடுக்கும் சினிபெஞ்ச் சோதனையை ஓடவிட்டேன்: 88 டிகிரி, வேகம் 3.4. பிரமாதம் என்று தோன்றியது. கிராஃபிக்ஸுக்குச் சோதனை போடலாம் என்று கையை வைத்தபோது கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டருக்கு அன்றைக்கு டீசல் இல்லை. காலையில் தம்பி வந்து வாசலில் நின்றார்; மறுநாள் கல்யாண வேலை. கொடுத்தனுப்பிவிட்டேன்.

திரும்பி வந்தது

மூன்றாம் நாள் போன். “அண்ணே, அணையலை, ஆனா முன்னைவிட மோசமா திக்குது.”

ஓடவிட்டுப் பார்த்தால் பிராசசர் நன்றாக இருக்கிறது. கிராஃபிக்ஸ் 84, ஹாட்ஸ்பாட் 109. இடைவெளி 15-ஆக இருந்தது 25-ஆகிவிட்டது. 80 வாட் இழுக்க வேண்டியது 50-க்கு மேல் போகவில்லை. சராசரி 84-ஐ மட்டும் பார்த்திருந்தால், முன்பு 86, இப்போது 84, இரண்டு டிகிரி குறைந்திருக்கிறதே என்று சொல்லி அனுப்பியிருப்பேன்.

திறந்தோம். கிராஃபிக்ஸ் சில்லின் மேல் பேஸ்ட் ஒரு பக்கம் தடிமனாக, நான் பூசியது பூசியபடியே, தகட்டின் அச்சுகூடப் படாமல் இருந்தது. நான் ஒட்டிய பேட்கள் கெட்டியானவை. அவை அமுங்காமல் ஹீட் சிங்கை ஒரு மூலையில் தூக்கிப் பிடித்திருந்தன. ஆட்டம் கொடுக்கும் மேசைக் காலுக்கு அட்டை வைக்கப் போய் மேசையையே சாய்த்துவிட்டது போல. பிராசசர் பக்கம் தப்பித்தது, ஏனென்றால் அந்தப் பக்கம் பழைய பேட்கள் கிழியாமல் இருந்ததால் நான் தொடவில்லை.

அப்பாவிடம் என் தவறு என்று சொல்லிவிட்டேன். இரண்டாம் முறைக்குக் கூலி வாங்கவில்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை, டீ வரவழைத்துக் குடித்துவிட்டுப் போனார். தம்பிக்குத்தான் கல்யாண வீடியோ பாக்கி. பேட் இல்லாமலே மூடித் தாங்களேன் என்று கேட்டார். முடியாது என்றேன். இந்த ரக கிராஃபிக்ஸில் இருக்கும் ஜிடிடிஆர்6 நினைவகத்தின் சூட்டை எந்த மென்பொருளிலும் பார்க்க முடிவதில்லை. கண்ணுக்குத் தெரியாமல் வெந்து ஒரு நாள் திரை முழுக்கக் கோடு கோடாக வந்து நிற்கும். அதற்குப் பதில் இரண்டு இரவு எங்கள் கடை டெஸ்க்டாப்பில் உட்கார்ந்து எடிட் செய்து முடித்தார். தாலி கட்டும் காட்சியில் மேளச் சத்தம் கடையை அதிர வைத்தது, எதிர் வீட்டு ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

இரண்டாம் முறை

இந்த முறை அளந்தேன். குழந்தைகள் விளையாடும் களிமண்ணை மிளகளவு உருட்டி, மெல்லிய பிளாஸ்டிக் தாள் சுற்றி, ஒவ்வொரு நினைவகச் சில்லின் மேலும் வைத்து, ஹீட் சிங்கைத் திருகி இறுக்கிப் பிறகு எடுத்தால், நசுங்கிய களிமண்ணின் தடிமன்தான் அங்கே உள்ள இடைவெளி. நினைவகம் மேல் 0.6 மில்லிமீட்டர். மின்சாரம் வழங்கும் உறுப்புகள் மேல் 1.1. அந்த 0.6-க்குள் கெட்டியான 1 மில்லிமீட்டர் பேட்டைத் திணித்திருக்கிறேன்.

0.5 பேட் போட்டால் தொடாது, 1 போட்டால் தூக்கும். ஆகவே இரண்டுக்கும் பொருந்தும்படி தெர்மல் புட்டி. பிசைந்த மாவு போல இருக்கும், இடத்துக்குத் தக்கபடி தானே நசுங்கிக்கொள்ளும். அதையும் பிடிஎம்7950 தகட்டையும் பாங்காக்கிலிருந்து வருகிற ஒருவர் மூலம் வரவழைத்தோம். வந்து சேர ஐந்து வாரம் ஆனது.

தகடு அறைச் சூட்டில் வழவழவென்று மெழுகுத்தாள் போல இருக்கும். இந்த ஊர் வெயிலில் மேல் தாளை உரிக்கும்போது தகடே கிழிந்து வந்துவிடும். பத்து நிமிடம் ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்து உரித்தால் சுலபம். 45 டிகிரி வாக்கில் இளகிப் படியும், ஆறினால் மறுபடி இறுகும். அதனால் பேஸ்ட் போல ஓரத்துக்கு ஓடுவது குறைவு. போட்ட அன்றே முழுப் பலன் தெரியாது என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். சில தடவை சூடேறி ஆறிய பிறகுதான் நன்றாகப் படியும். திருகுகளை எண் வரிசைப்படி, ஒரே தடவையில் இறுக்காமல், மூன்று சுற்றாக இறுக்கினேன். தேய்ந்த திருகுக்குப் பதில் வேறொரு பழைய பலகையிலிருந்து எடுத்த, சற்றே வேறு நிறத் திருகு.

சூட்டைக் குறைக்கப் பிராசசரின் வோல்டேஜை இறக்கிப் பார்க்கலாம் என்றும் முயன்றோம். 2019 டிசம்பரில் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானதிலிருந்து பல லேப்டாப்களில் அந்த வசதியை, பலகையிலேயே பதிந்திருக்கும் பயாஸ் என்ற அடிப்படை மென்பொருளிலேயே பூட்டிவிட்டார்கள், இதிலும் பூட்டியிருந்தது. அதனால் எளிய வழி. கேமில் படவேகத்தை நொடிக்கு 60 படம் என்று கட்டினோம். திரையில் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நேரத்தில்கூடக் காரணமில்லாமல் நூற்றைம்பது படம் ஓட்டிக்கொண்டிருந்தது அந்த கிராஃபிக்ஸ். எடிட்டிங் நேரத்தில், அவசரமில்லாத ரெண்டருக்கு விண்டோஸின் பவர் அமைப்பில் பிராசசரின் உச்ச அளவை 99 சதவீதமாக வைத்துக்கொள்ளச் சொன்னேன். ஒரு சதவீதம்தானே என்று தோன்றும், ஆனால் டர்போ, அதாவது அடிப்படை வேகத்தைத் தாண்டி ஓடுவது, அணைந்துவிடும். ரெண்டர் மெதுவாகும், சூடு வெகுவாக இறங்கும்.

பின்விளைவு

ஜூன் நடுவில், மழை பிடித்துக்கொண்ட பிறகு, கடையில் 30 டிகிரி இருக்கும்போது, படவேகக் கட்டுப்பாடு இல்லாமலே சோதித்தோம். பிராசசர் 86, வேகம் 3.5. கிராஃபிக்ஸ் முழு 80 வாட்டில் 74, ஹாட்ஸ்பாட் 85, இடைவெளி 11. படவேகத்தை 60-இல் கட்டினால் கிராஃபிக்ஸ் 66-க்கு வந்தது.

தம்பி தன் போனில் இருந்த டிசம்பர் படத்தை எடுத்துக் காட்டினார். “அப்பவும் 73 தானே அண்ணே இருந்துச்சு? அப்ப என்ன வித்தியாசம்?”

கேட்க வேண்டிய கேள்விதான். டிசம்பர் இரவில் அவர் அறை 24 டிகிரி வாக்கில் இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டோம். அறைச் சூடு எவ்வளவு ஏறுகிறதோ, லேப்டாப் உள்ளேயும் கிட்டத்தட்ட அவ்வளவு ஏறும். 73-இல் 24 போனால் 49. ஜூனில் 74-இல் 30 போனால் 44. டிசம்பரில் பாதி வேலையைப் பேஸ்ட் செய்தது, மீதி வேலையைக் குளிர் செய்தது. செம்புத் தகட்டில் அந்தக் கம்பளிப் படலம் அப்போதும் இருந்திருக்கத்தான் வேண்டும். ஏப்ரல் வந்து குளிர் போனதும் எல்லாம் வெளியே தெரிந்தது. அந்தக் கடைக்காரரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானும் சினிபெஞ்ச் எண்ணைப் பார்த்து மகிழ்ந்தவன்தானே.

வீட்டிலும் கொஞ்சம் மாற்றினார்கள். மெத்தையிலிருந்து லேப்டாப் மேசைக்கு வந்தது, கீழே தட்டு கவிழ்க்கும் கம்பி ஸ்டாண்ட். அம்மா தந்த ஸ்டாண்ட். கடையில் விற்கும் எந்தக் கூலிங் பேடைவிடவும் அது நன்றாகக் காற்று விடுகிறது. சாம்பிராணியை நிறுத்தச் சொல்லும் துணிச்சல் எங்கள் யாருக்கும் இல்லை. புகை போடும்போது லேப்டாப்பை மூடி, துணி போட்டு முன் அறைக்குக் கொண்டுபோய் விடுகிறார்கள்.

நவம்பரில் ஃபேனைக் கழற்றித் தகடுகளை ஒரு தடவை துடைத்தோம். ஹீட் சிங்கைத் தொடவில்லை. 2025 ஏப்ரலில் மறுபடி வரச் சொன்னேன். அறை 36. பிராசசர் 92, கிராஃபிக்ஸ் 80, ஹாட்ஸ்பாட் 92. ஜூனைவிட அறை ஆறு டிகிரி கூடுதல், உள்ளேயும் ஆறு டிகிரி கூடுதல். இடைவெளி 12. பிடிஎம் தகடு நகரவில்லை. தானாக அணைவது புதிய பேட்டரி போட்ட நாளிலிருந்து ஒரு தடவைகூட இல்லை. ஸ்டெபிலைசர் இப்போது ஐஸ் பெட்டிக்கு உழைக்கிறது.

இனி மாற்றிக்கொண்டது

கடையின் குறிப்பேட்டில் இப்போது அறைச் சூட்டுக்குத் தனிப் பத்தி உண்டு. அது காலியாக இருந்தால் மற்ற எண்களை எழுதக் கூடாது என்று கடைப் பையனிடம் சொல்லியிருக்கிறேன். அவன் என்னையே இரண்டு தடவை பிடித்துவிட்டான். பிராசசர், கிராஃபிக்ஸ் இரண்டையும் சேர்த்து அரை மணி நேரம் ஓட்டாமல் எந்த கேமிங் லேப்டாப்பையும் கொடுப்பதில்லை. கரண்ட் போனால் மறுநாள். வாசலில் யார் நின்றாலும் மறுநாள்தான். ‘தானாக அணைகிறது’ என்று வந்தால், திறப்பதற்கு முன்னாலேயே உங்கள் தெருவில் எத்தனை மணிக்குக் கரண்ட் போகிறது என்று கேட்டு எழுதிக்கொள்கிறோம். களிமண் டப்பா ஒன்று எப்போதும் மேசையில் இருக்கிறது, பக்கத்துக் கடைக் குழந்தைகள் தூக்கிக்கொண்டு போகாத நாட்களில்.

அந்த லேப்டாப்பின் அடிமூடிக்குள் ஒரு சின்ன வெள்ளைக் காகிதம் ஒட்டியிருக்கிறேன். போட்ட தேதி, நினைவகம் மேல் 0.6, மின்சார உறுப்புகள் மேல் 1.1, நிறம் மாறிய திருகு எந்த எண் என்பது அதில் இருக்கிறது. அடுத்து திறப்பவர் பர்மியராகவும் இருக்கலாம் என்பதால் இரண்டு மொழியிலும் எழுதினேன். பர்மிய எழுத்தைக் கடைப் பையன் சரிபார்த்து, இரண்டு பிழை திருத்திக் கொடுத்தான்.